முகம் தெரியாத ஒருவருக்காக: இயங்கலைக் கூட்டு வேண்டுதலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வியாழக்கிழமை இரவு மணி ஒன்பது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. மைலோ டின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, ஒரு பென்சில். திரையில் பதினைந்து பதினாறு கட்டங்கள். அவர்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து, பஸ்ஸில் பாலத்தைக் கடந்துகொண்டே காதில் இயர்போனோடு ஒரு பெண் இருப்பாள். கிள்ளானில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். திருச்சியில் ஓர் அம்மா. அங்கே மணி ஆறரை, விளக்கேற்றுகிற நேரம். ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார்: "மகம் நட்சத்திரம், நாளைக் காலை அறுவைச் சிகிச்சை." எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வோம்.

இது தொடங்கியது 2020 மார்ச் 18க்குப் பிறகுதான். அன்றுதான் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதற்கு முன் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்வோம். கத்தோலிக்க நண்பர்கள் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். திடீரென்று எல்லாக் கதவும் மூடிக்கொண்டது. நோயாளியைப் பார்க்கவும் போக முடியவில்லை, கோயிலுக்கும் போக முடியவில்லை. அப்போது புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். கட்டுப்பாடு போன பிறகும் குழு கலையவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வீட்டை விட்டு நகர முடியாத நிலை கோவிட்டோடு முடிந்துவிடவில்லையே.

எப்படிச் சேருவது, என்ன செய்ய வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேண்டிக்கொள்வது யாருக்கும் வரும்; அதற்குப் பயிற்சி வேண்டாம். நம்மை நம்பி ஒருவர் ஒரு பெயரைக் கொடுக்கிறாரே, அதைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் பழக வேண்டும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

குழுவைத் தேர்ந்தெடுப்பது

தெரிந்தவர் ஒருவராவது இருக்கிற குழுவில் சேருங்கள். முகநூலில் கண்ணில் பட்ட இணைப்பை அழுத்தி உள்ளே போகாதீர்கள். சேர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரம் பேசாமல் உட்கார்ந்து கவனியுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அது நல்ல குழு இல்லை.

கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. பணம் கேட்கிறார்களா? "எங்கள் குழு வேண்டினால் கட்டாயம் குணமாகும்" என்கிறார்களா? மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே வெளியேறிவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்வது மட்டும் நடந்தால், வெளியேறும் முன் அந்த நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இதில் தயங்கக் கூடாது.

அப்புறம் சமயம். எங்கள் குழுவில் இந்துக்களே அதிகம், கத்தோலிக்கர் நான்கைந்து பேர் உண்டு. ஆரம்பத்தில் பாட்டு ஒன்று. பெயர்கள் வாசித்த பிறகு ஒரு நிமிட மௌனம். அந்த ஒரு நிமிடத்தில் அவரவர் தம் தெய்வத்தைக் கூப்பிடலாம். ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் கூட்டத்துக்கு வருவதில்லை. பெயர்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டில் தொழுகைக்குப் பிறகு துஆ செய்கிறார். அதுவும் இதே வேண்டுதல்தான். கூட்டத்துக்கு வாருங்கள் என்று அவரை நாங்கள் வற்புறுத்தியதில்லை. நீங்களும் யாரையும் வற்புறுத்தாதீர்கள். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்று மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. அதனால் சமயப் பிரசாரம்போல் தோன்றும் எதுவும் கூட்டு வேண்டுதலில் வேண்டாம். சட்டம் இல்லாவிட்டாலும் சரி, நோயாளி படுத்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டுக்குள் பிரசாரத்தோடு நுழைவது முறையல்ல.

முதல் இரவு

ஸூமில் நுழைந்ததும் உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பலருடைய கட்டத்தில் கைப்பேசியின் பெயர்தான் எழுதியிருக்கும். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் குழு நடத்துகிறவர் உள்ளே விடத் தயங்குவார். ஊரும் பெயரும் போதும்: "செந்தூல் அக்கா" என்று போட்டாலும் சரிதான். கேமரா கட்டாயமில்லை. மருத்துவமனை நாற்காலியிலிருந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், அழுத முகத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மைக்கை மூடி வையுங்கள். புதிதாக வருகிற எல்லாரும் சேர்ந்து பாட ஆசைப்படுவார்கள். கோயிலில் பாடுகிற மாதிரி இங்கே முடியாது. குரல் ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேரும். இருபது பேர் ஒன்றாகப் பாடினால் ஒரு சொல்லும் புரியாது. ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து பாட, மற்றவர்கள் மூடிய மைக்கோடு வாய்விட்டுக் கூடப் பாடுவோம். உங்கள் வீட்டில் உங்கள் குரலும் அவர் குரலும் சேர்ந்து கேட்கும், அது போதும். நாங்கள் பெரும்பாலும் பாடுவது திருநீலகண்டப் பதிகம். உடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது, இன்று திருச்செங்கோடு என்கிற ஊரில், திருஞானசம்பந்தர் அவர்களுக்காகப் பாடியது என்று பெரிய புராணம் சொல்கிறது. மற்றவர் நோய்க்காகப் பாடப்பட்ட பாட்டு என்பதாலேயே அதை எடுத்துக்கொண்டோம்.

கட்டணமில்லாத ஸூம் 40 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். எங்களுக்கு அது நல்லதாகவே அமைந்தது. பாட்டு ஏழு நிமிடம், பெயர்கள் பதினைந்து நிமிடம், மௌனம், அப்புறம் போன வாரப் பெயர்களின் செய்தி. நேரம் நீண்டால் பேச்சு நோயாளியின் குடும்பக் கதைக்குள் போய்விடும். அங்கே நமக்கு வேலை இல்லை.

நீங்களே குழு நடத்தப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொருவரையும் பார்த்து உள்ளே விடுவதற்கான காத்திருப்பு அறை வசதியை இயக்கி வையுங்கள், கடவுச்சொல் போடுங்கள், திரையைப் பகிரும் வசதியை மற்றவர்களுக்கு மூடிவிடுங்கள். இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள். 2020இல் உலகம் முழுக்க எத்தனையோ வழிபாட்டுக் கூட்டங்களுக்குள் விஷமிகள் புகுந்து ஆபாசப் படம் போட்டார்கள். வயதானவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற இடத்தில் அது நடக்க விடக் கூடாது.

பெயரைக் கொடுப்பது எப்படி

அர்ச்சனைச் சீட்டை நினைத்துப் பாருங்கள். பெயர், நட்சத்திரம், ராசி. அவ்வளவுதான் கேட்பார்கள். எந்த மருத்துவமனை, எத்தனையாவது வார்டு, என்ன புற்றுநோய் என்று எந்தக் குருக்களும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த அளவோடுதான் பிறருக்காக வேண்டி வந்திருக்கிறோம். இயங்கலையிலும் அந்த அளவே போதும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். 2021இல் ஓர் உறுப்பினர், நல்ல மனத்தோடுதான், தன் உறவுக்காரப் பெண்ணுக்காக வேண்டச் சொல்லிப் புலனத்தில் போட்டார். முழுப் பெயர், வார்டு எண், மூக்கில் குழாயோடு ஒரு படம். இன்னொருவர் அதைத் தன் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார், அவரும் நல்ல மனத்தோடுதான். மூன்றாம் நாள் அது சுற்றிச் சுற்றி அந்தப் பெண்ணின் பாட்டி கைப்பேசிக்கே வந்து சேர்ந்துவிட்டது. பேத்தி வேலை விஷயமாக ஜொகூர் போயிருக்கிறாள் என்று பாட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம். அந்தப் பெண்ணின் அம்மா எனக்கு அழைத்தார். திட்டவில்லை. "அக்கா, எங்க அம்மாகிட்ட நாங்களே சொல்லியிருப்போம், ஒரு வாரம் கழிச்சு" என்று மட்டும் சொன்னார். குழுவை நடத்துகிறவள் நான்தான். அன்றைக்கே அந்தப் படத்தைப் பார்த்தும் நீக்காமல் இருந்தேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி எனக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். அந்தக் கிளாஸைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் முறை இது. வேண்டுதல் கேட்கிறவர் ஐந்து விஷயம் மட்டும் சொல்வார்: நோயாளியின் முதல் பெயர் அல்லது நட்சத்திரம், என்ன வேண்டும் என்று ஒரே வரி, "காய்ச்சல் இறங்க", "வேலை கிடைக்க", "நாளைய அறுவை நல்லபடி முடிய" என்பதுபோல், முக்கியமான தேதி ஏதாவது இருந்தால் அது, கேட்கிறவர் அவருக்கு என்ன உறவு, அவரிடமோ வீட்டாரிடமோ சம்மதம் வாங்கியாயிற்றா. நோயின் பெயர் வேண்டாம். படம் வேண்டவே வேண்டாம். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி என்று யாராவது கேட்டால் அந்த ஆளின்மேல் ஒரு கண் வையுங்கள். சம்மதம் வாங்க வழியில்லை, ஆனால் மனசு கேட்கவில்லை என்றால், "பட்டர்வொர்த்தில் ஓர் அம்மா" என்று கொடுங்கள். அப்படிப் பெயரில்லாமல் வந்த வேண்டுதல்கள் எங்கள் நோட்டில் நிறைய இருக்கின்றன.

மனநலம், கர்ப்பம், கணவன் மனைவி பிரச்சினை, கடன். இந்த நான்கிலும் இன்னும் கவனம். பினாங்கு சின்ன ஊர். முதல் பெயரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரும் சொன்னால் பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புலனக் குழுவில் மறையும் செய்திகள் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் 7 நாள் வைத்திருக்கிறோம். ஒருவருடைய கஷ்டகாலம் நூறு பேருடைய கைப்பேசியில் வருடக் கணக்கில் கிடக்க வேண்டியதில்லை.

நோயாளியிடம் சொல்லலாமா?

கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. 2006இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் இரண்டு பிரிவினரிடம் "உங்களுக்காக வேண்டலாம், வேண்டாமலும் இருக்கலாம்" என்று சொன்னார்கள். அதில் ஒரு பிரிவுக்கு மட்டும் வேண்டினார்கள். மூன்றாம் பிரிவினரிடம் "உங்களுக்காகக் கட்டாயம் வேண்டுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு வேண்டினார்கள். வேண்டியவர்கள் முன்பின் தெரியாத கிறிஸ்துவக் குழுவினர். அவர்களுக்குக் கொடுத்ததும் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும்தான். முதல் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை: அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் 52, 51 விழுக்காடு. கட்டாயம் வேண்டுகிறார்கள் என்று தெரிந்த பிரிவில் 59 விழுக்காடு. ஏன் என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. "ஊரே வேண்டும் அளவுக்கு என் நிலை மோசமா?" என்ற பயம் வந்திருக்கலாம் என்று ஓர் ஊகம்.

இதைப் படித்ததால் என் நம்பிக்கை போய்விடவில்லை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு இன்னும் உட்காருகிறேன். ஆனால் இரண்டு பழக்கம் மாறியது. குணமாகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "உனக்காக நாற்பது பேர் வேண்டுகிறோம்" என்று நோயாளிக்கு நேராக அழைத்துச் சொல்வதில்லை. பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்போம். சொல்லுங்கள் என்றால் மட்டும், அவர் வாயாலேயே சொல்லச் சொல்வோம். பல நேரம் உண்மையில் ஆறுதல் தேவைப்படுவது பார்த்துக்கொள்கிற அந்த ஆளுக்குத்தான். இரவு இரண்டு மணிக்கு வார்டு வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறவருக்கு, எங்கோ ஒரு நோட்டில் தன் அம்மா பெயர் இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

நோட்டு

ஒரு பெயரை எவ்வளவு நாள் வைத்திருப்பது? இந்துக்களுக்கு மண்டலக் கணக்கு 48 நாள். கத்தோலிக்கர்களுக்கு நவநாள் 9 நாள். நாங்கள் ஏழு வியாழன் என்று வைத்துக்கொண்டோம், கிட்டத்தட்ட ஒரு மண்டலம். இடைப்பட்ட நாள்களில் அவரவர் வீட்டில் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்வோம். ஏழாவது வியாழன் கழிந்ததும் கேட்டவரிடம் விசாரிப்போம்: இன்னும் வேண்டுமா? அதற்கு இரண்டு பேரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம். இந்த விசாரிப்பை விட்டுவிடாதீர்கள். நிறைய குழுக்களில் பெயர் வரும்போது நூறு கைகூப்பும் படம் விழும். பத்து நாள் கழித்து அந்தப் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. கொடுத்தவர் மறக்க மாட்டார்.

ஒரு கூட்டத்துக்கு இருபது பெயருக்கு மேல் எடுக்காதீர்கள். மேலே போனால் வாசிக்கிற குரல் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஒரு பெயர், ஒரு மூச்சு விடும் இடைவெளி, அப்புறம் அடுத்த பெயர்.

பணம் என்று வந்தால்

எங்கள் குழுவில் பணப் பேச்சே கிடையாது. இரக்கமில்லாததால் அல்ல. வேண்டிக்கொள்ளும் கூட்டத்தில் இருப்பவர்களின் மனம் இளகியிருக்கும் என்று தெரிந்தே வருகிற மோசடிக்காரர்கள் உண்டு. "அரசாங்க மருத்துவமனையில் இருக்கிறோம், இன்று இரவுக்குள் ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டாவிட்டால் சிகிச்சை இல்லை" என்று யாராவது சொன்னால் நின்று யோசியுங்கள். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனை மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் நாளுக்கு 3 வெள்ளி. உடம்புக்குள் வைக்கும் கருவி, சில மருந்து என்று பெரிய செலவு வருவது உண்மைதான். அப்போது அதே மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம். இந்தப் பிரிவு இருப்பதே நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. இதைச் சொல்லிக் கொடுப்பது ஒரு வேண்டுதலுக்குச் சமமான உதவி. பணம் ஏமாந்துவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

வேண்டுதலோடு நிறுத்தக் கூடாத நேரம்

"எனக்கு வாழப் பிடிக்கவில்லை, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதினால், நூறு பேர் கைகூப்பும் படம் போடுவது உதவி ஆகாது. தெரிந்த ஒருவர் உடனே அவருக்கு அழைத்துப் பேச வேண்டும். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டு அமைப்பான கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். அடி, உதை, குழந்தைக்குக் கொடுமை என்றால் அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்த எண்களைக் குழுவின் விளக்கப் பகுதியில் எழுதி வையுங்கள், தேட வேண்டியிருக்கக் கூடாது.

பேச்சிலும் சில சொற்களைத் தவிருங்கள். "போன ஜென்மத்துப் பாவம்", "நம்பிக்கை போதவில்லை", "எங்க மாமாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டாரு". என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் "பெயரை எழுதிக்கொண்டேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

பெயர் நின்றுபோனால்

நோட்டில் இருப்பவர் இறந்துபோவதும் நடக்கும். புதிதாக வந்தவர்களை இது உலுக்கிவிடும். நாம் வேண்டியது போதவில்லையோ என்று கேட்பார்கள். எங்களிடம் இதற்குப் பதில் இல்லை, பதில் சொல்லவும் முயல்வதில்லை. அந்த வியாழன் அவர் பெயரைக் கடைசியாக ஒருமுறை வாசிப்போம்; வீட்டாரின் பெயரைப் பட்டியலில் சேர்ப்போம்.

போன வருடம் பிறையில் ஓர் அம்மா. மகள்தான் வேண்டுதல் கொடுத்திருந்தாள். அவள் எங்கள் கூட்டத்துக்கு வந்ததில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வியாழன் புதிதாக ஒரு கட்டம், கேமரா இல்லாமல். பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்தாள். "எங்கம்மா பேரை எத்தனை தடவை வாசிச்சீங்க?" நோட்டைப் புரட்டினேன். ஐந்து வியாழன். ஐந்து தேதியையும் சொன்னேன். மூன்றாவது தேதியைக் கேட்டதும், "அன்னைக்கு அம்மா கஞ்சி கேட்டுக் குடிச்சாங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஸூமில் பதினொரு நிமிடம்தான் மிச்சமிருந்தது. இன்றைய பெயர்களை நான் வாசிக்கட்டுமா என்று அவளே கேட்டாள். பட்டியலைப் புலனத்தில் அனுப்பினேன்.